அனாமத்தில் கிடக்கும் நாட்கள்

"எழுதணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா நேரம் எங்கே இருக்கு?"

இந்த வசனத்தைப் பலர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். அதிகமாகக் கேட்டது என் வாயிலிருந்துதான். பள்ளியில் படிக்கும்போது "பிளஸ் டூ முடியட்டும்" என்றேன். கல்லூரியில் சேர்ந்ததும் "முதல் செமஸ்டர் போகட்டும்" என்றேன். இப்போது பி.காம் மூன்றாம் ஆண்டு. போன வருடம் வரை "தேர்வு முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் மூன்று அழகான நோட்டுகள் வாங்கினேன். மூன்றிலும் முதல் பக்கம் மட்டும் மணிமணியான கையெழுத்தில் நிரம்பியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் சாய்கிறது. மூன்றாம் பக்கத்திலிருந்து வெள்ளை வெளேர். (அதில் ஒன்று இப்போது வீட்டில் பால் கணக்கு நோட்டாக இருக்கிறது. அது மட்டும் ஒரு நாள் விடாமல் நிரம்பி வருகிறது!)

எழுத்து என்று நான் இங்கே சொல்வது கதை, கவிதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவதை அல்ல. பரீட்சைத் தாளில் 5 மதிப்பெண்ணுக்கு எழுதுவதையும் அல்ல. யாரும் கேட்காமல், யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாமல், நமக்காக நாம் எழுதுகிறோமே, அதை. நாட்குறிப்பு என்று சொன்னாலும் சரி, மனதில் பட்டது என்று சொன்னாலும் சரி. பரபரப்பான வாழ்க்கையில் அதற்கு நேரம் கிடைக்காது, ஓய்வு கிடைத்தால்தான் முடியும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வணிகவியல் மாணவி அல்லவா! ஒரு நாள் உட்கார்ந்து என் நேரத்துக்கே ஒரு பெறுதல் செலுத்தல் கணக்கு போட்டுப் பார்த்தேன். பெறுதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 24 மணி நேரம். அதாவது 1,440 நிமிடம். இதில் ஏழை, பணக்காரர் வித்தியாசம் கிடையாது. செலுத்தல் பக்கம்தான் நீளமாகப் போனது.

எங்கள் ஊர் விருதுநகரை அடுத்த ஒரு கிராமம். கல்லூரி மதுரையில். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் இரண்டு பஸ் மாறிக் கல்லூரி வாசலை மிதிக்க 2 மணி நேரம். சாயங்காலம் திரும்ப இன்னொரு 2 மணி நேரம். ஆக, பஸ்ஸுக்கு மட்டும் 4. வகுப்பும் இடைவேளையும் சேர்த்து 6½. தூக்கம் 6. தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் 1½. அப்பாவின் பலசரக்குக் கடையில் கூடமாட நிற்பது 1½. படிப்பு, அசைன்மென்ட் 2. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை 2½. கூட்டிப் பாருங்கள், சரியாக 24. இறுதி இருப்பு 0.

பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். எழுத நேரமில்லை என்பதைக் கணக்குப் போட்டே நிரூபித்துவிட்டேனே! ஆனால் அன்று ராத்திரி மொபைல் ஒரு சான்றுச்சீட்டை எடுத்து நீட்டியது. அன்றைய திரை நேரம் 2 மணி 11 நிமிடம். என் கணக்கில் அப்படி ஒரு செலவே இல்லையே? தேடிப் பார்த்தால் அது பல தலைப்புகளில் ஒளிந்திருக்கிறது. பஸ்ஸில் கொஞ்சம், படிப்பில் கொஞ்சம், தூக்கத்தில் நிறைய.

உடனே "மொபைலைத் தூக்கிப் போடுங்கள்" என்று அறிவுரை சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்தவர் 5 நிமிடம் ரீல்ஸ் பார்த்தால் அது ஒன்றும் பாவம் இல்லை. எனக்குப் பட்டது வேறு. அந்த 2 மணி 11 நிமிடமும் மொத்தமாக வந்ததல்ல. 3 நிமிடம், 7 நிமிடம், 4 நிமிடம் என்று சில்லறையாக வந்தது. நானோ, ஐந்நூறு ரூபாய்த் தாளாகக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வேன் என்று நின்றுகொண்டு, கையில் விழுந்த சில்லறையை எல்லாம் சிந்தவிட்டிருக்கிறேன். அமைதியான அறை, மேசை, நல்ல பேனா, தொந்தரவில்லாத 2 மணி நேரம். அது வந்தால் எழுதுவேன். வராத வரை நேரமில்லை. இதுதான் என் சித்தாந்தம்.

சரி, அப்படி மொத்தமாக நேரம் கிடைத்தால் எழுதுவோமா?

எனக்கு ஒரு முறை கிடைத்தது. உங்களில் பலருக்கும் கிடைத்திருக்கும். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. தேர்வு இல்லாமலே பத்தாம் வகுப்புக்குப் போனேன். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தது 2021 ஜனவரி 19 அன்று. இடையில் சுமார் 300 நாட்கள். பஸ் இல்லை, டியூஷன் இல்லை. டிவியிலும் மொபைலிலும் வந்த பாடம் போக மீதி நேரமெல்லாம் என்னுடையது. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் கொள்ளை நோய் கண் முன்னால் நடக்கிறது. எழுத இதைவிட என்ன வேண்டும்? அந்த 300 நாளில் நான் எழுதியது ஒன்றே கால் பக்கம். முதல் நோட்டின் முதல் பக்கமும், சாய்ந்துபோன இரண்டாம் பக்கத்தில் கால் பாகமும்!

இதற்கு எங்கள் பாடத்திலேயே ஒரு விளக்கம் உண்டு. மேலாண்மை படிப்பவர்களுக்குத் தெரிந்த பார்க்கின்சன் விதி. 1955 இல் சி. நார்த்கோட் பார்க்கின்சன் என்பவர் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் வந்தது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ, அவ்வளவு நேரத்தையும் அந்த வேலை விரிந்து அடைத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் முதலில் தரும் உதாரணமே எழுதுவதைப் பற்றியதுதான். வேலைவெட்டி இல்லாத ஒரு மூதாட்டி, தன் உறவுக்காரப் பெண்ணுக்கு ஒரு அஞ்சலட்டை எழுத ஒரு நாள் முழுவதையும் செலவழித்துவிடுவார். அட்டையைத் தேட, கண்ணாடியைத் தேட, முகவரியைத் தேட என்று பொழுது போய்விடும். வேலை மும்முரத்தில் இருப்பவருக்கு அதற்குச் சில நிமிடம் போதும். படிக்கும்போது சிரித்தேன். பிறகுதான், 300 நாளில் அந்த அஞ்சலட்டையைக்கூட எழுதாதவள் நான் என்பது உறைத்தது.

இனிதான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

போன வருடம் ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்தோம். பரண் மேலிருந்து பழைய நோட்டுகளை இறக்கித் தூசி தட்டுவது என் வேலை. அப்பா தினமும் எழுதும் நோட்டுகள். நாங்கள் பாடத்தில் குறிப்பேடு என்று படிப்பதை அப்பா சிட்டை என்பார். மேலே பிள்ளையார் சுழி, தேதி, காலை ரொக்க இருப்பு. கீழே அன்றைக்கு வந்தது, போனது எல்லாம் வரிசையாக. கையில் 2020 ஆம் வருடத்து நோட்டு அகப்பட்டது. சும்மா புரட்டினேன்.

"மதியம் 1 மணிக்குக் கடை அடைப்பு." "கோதுமை மாவு வரத்து இல்லை." "முகக்கவசம் 50 வாங்கியது." நான் ஒரு வரி எழுதாத அந்த ஊரடங்கு, அப்பாவின் கிறுக்கல் எழுத்தில் நாள் தவறாமல் இருந்தது.

கடையிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் சாமானை அப்பா தனியாகக் குறிப்பார். பாடத்தில் இதற்கு எடுப்புகள் என்று பெயர். முதலாளியே எடுத்தாலும் கணக்கில் வர வேண்டும். அந்தப் பக்கத்தில் இப்படி இருந்தது.

"அம்மாவுக்குப் பனங்கற்கண்டு 100." "அம்மாவுக்கு ரஸ்க் 1." "அம்மாவுக்கு ஜவ்வரிசி கால்." "அம்மாவுக்கு ரஸ்க் 1." "அம்மாவுக்குக் குளுக்கோஸ் 1."

அம்மா என்று அப்பா எழுதியிருப்பது என் அப்பத்தாவை. 2020 டிசம்பரில் அவர் இறந்துபோனார். வயது மூப்புதான், நோய்த்தொற்று இல்லை. நோட்டில் அந்த வாரம் வருகிறது. சில நாட்களுக்குத் தேதி மட்டும் போட்டு எதிரே "கடை இல்லை" என்று இருக்கிறது. கடை மறுபடி திறந்த நாளின் பக்கத்தில் கடைசி வரி: "அம்மா ரஸ்க் 1 பாக்கெட், பிரிக்காதது, திரும்ப வரவு."

பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பத்தா கடுங்காப்பியில் ரஸ்க்கை நனைத்துச் சாப்பிடுவார். பாதியை ஒடித்து என்னிடம் நீட்டுவார். "சத்தம் கேக்காமத் தின்னு தாயி, உங்கம்மா வந்துருவா" என்பார். அந்த ஊரடங்கில், அவர் இருந்தவரை, திண்ணையில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவோ சொன்னார். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போன கதை சொன்னார். சொன்னார் என்பது ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னார் என்பது ஞாபகம் இல்லை. எந்த ஊர், யாருடைய காடு, என்ன கூலி, கூடப் போனவர்கள் யார், எதுவும் தெரியாது. இனிமேல் கேட்கவும் ஆள் இல்லை. அப்போது "எல்லாத்தையும் ஒரு நாள் உக்காந்து எழுதணும்" என்று நினைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பாருங்கள், நாளெல்லாம் சும்மா இருந்த என்னிடம் அப்பத்தாவைப் பற்றி ஒரு வரி இல்லை. காலை 6 மணி முதல் கூட்டத்தோடு மல்லாடிவிட்டு வந்த அப்பாவிடம் இருக்கிறது. அவர் நினைவுக்குறிப்பு எழுத நினைக்கவில்லை, ரஸ்க் கணக்குத்தான் எழுதினார். ஆனால் அன்றன்றைக்கு எழுதினார். அதனால் ஐந்து வருடம் கழித்து ஒரு பாக்கெட் ரஸ்க்கிலிருந்து அப்பத்தா எழுந்து வருகிறார்.

எங்கள் பாடத்தில் அனாமத்துக் கணக்கு என்று ஒன்று உண்டு. இருப்பாய்வு தயாரிக்கும்போது பற்றும் வரவும் ஒத்துப்போகாமல் வித்தியாசம் வரும். எங்கே தப்பு என்று உடனே கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்த வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தூக்கிப் போட்டுவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்போம். பிறகு பிழை தெரிந்தால் திருத்தப் பதிவு போட்டு நேராக்குவோம். எழுதாமல் விட்ட நாட்களும் இப்படித்தான். நாள் கழிந்தது உண்மை, 24 மணி நேரம் செலவானது உண்மை, எதற்குச் செலவானது என்று மட்டும் தெரியாது. என் 300 நாட்கள் அப்படியே அனாமத்தில் கிடக்கின்றன.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். "எவ்வளவு அசதியா இருந்தாலும் எப்படிப்பா விடாம எழுதுறீங்க?" அப்பா ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார். "இதுல என்ன இருக்கு? கையோட எழுதிறணும் பாப்பா. காலையில எழுதலாம்னு படுத்தா, காலையில அது வேற கணக்காயிரும்."

அவ்வளவுதான் அவருடைய தத்துவம். யோசித்துப் பார்த்தால் அதில் எல்லாமே இருக்கிறது. அப்பா எழுதுவதற்கு மனநிலை வர வேண்டும் என்று காத்திருப்பதில்லை. நல்ல வார்த்தை தேடுவதில்லை. நடந்ததை நடந்த அன்றே, வந்த வரிசையில் எழுதுகிறார். எழுதும் நேரம் 10 நிமிடம் தாண்டுவதில்லை.

இது ஏதோ எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. இரட்டைப் பதிவு முறையை முதன்முதலாக விளக்கி அச்சில் கொண்டுவந்தவர் லூக்கா பச்சியோலி. 1494 இல் வெனிஸ் நகரில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில், வணிகர் மூன்று ஏடுகள் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். குறிப்பேடும் பேரேடும் நமக்குத் தெரிந்தவை. அவற்றுக்கு முன்னால் ஒன்று உண்டு, நினைவேடு. அன்றன்று நடப்பதை நடந்த வரிசையில் போட்டு வைக்கும் ஏடு. முதலாளி, வேலையாள், எழுதத் தெரிந்த வீட்டுப் பெண்கள் என்று யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம் என்கிறார். ஒழுங்கெல்லாம் பிறகு, குறிப்பேட்டில் ஏற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். நான் வாங்கிய மூன்று அழகான நோட்டுகளின் கோளாறு அப்போதுதான் புரிந்தது. நினைவேடே இல்லாமல் நேராகப் பேரேடு எழுத உட்கார்ந்திருக்கிறேன்!

வணிகர்களைப் பற்றிப் பேசும்போது ஆனந்தரங்கப் பிள்ளையை விட முடியாது. 1709 இல் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துபாஷியாக இருந்தவர். ஆளுநர் துய்ப்ளேக்கு நெருக்கமானவர். சொந்தமாக வியாபாரம், கப்பல், கம்பெனிச் சரக்குப் பேரம், வந்தவர் போனவர் பஞ்சாயத்து, நடுவில் போர் வேறு. இவரைவிட வேலை அதிகம் உள்ளவரைக் காட்டுவது கஷ்டம். இவர்தான் 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் இறப்பதற்குச் சற்று முன்பு வரை, சுமார் 25 வருடங்கள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். இடையில் எழுதாத நாட்கள் உண்டு, காணாமல் போன பகுதிகளும் உண்டு. அப்படியும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகள் வந்தது. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, ஆளுநர் இன்னது சொன்னார், ஊரில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பேச்சுத் தமிழில் எழுதிக்கொண்டே போகிறார். அவர் இறந்து நூறாண்டுகளுக்குப் பிறகும் வரலாற்று ஆசிரியர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். நம் காலத்தில் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களை எழுத அது ஆதாரமாக இருந்தது. 'வானம் வசப்படும்' 1995 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

ஓய்வு கிடைத்தபின் எழுதலாம் என்று பிள்ளை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை. அவர் இறந்து நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது.

நான் ஆனந்தரங்கப் பிள்ளை இல்லை, தெரியும். என் நாளில் கப்பல் வருவதில்லை, பஸ்தான் வருகிறது, அதுவும் தாமதமாக. ஆனால் அன்றிலிருந்து நானும் ஒரு சிட்டை வைத்திருக்கிறேன். அழகான நோட்டு வேண்டாம் என்று முடிவு செய்து, கடையில் கடன் பற்று எழுதும் நீள நோட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். (அப்பா அதையும் எடுப்பில் எழுதினார். விலை 20 ரூபாய்!) ஒரு நாளைக்கு ஐந்து வரி. கூடினால் கூடட்டும், ஐந்துக்குக் குறையக் கூடாது. முதல் வரியில் தேதி. இரண்டாவது வரியில் யாராவது சொன்ன ஒரு வாசகம், சொன்னபடியே. மற்ற மூன்றில் அன்று கண்ணில் பட்டது எதுவானாலும்.

எழுதுவது பெரும்பாலும் சாயங்கால பஸ்ஸில். ஓடும்போது எழுத்து குதிக்கும். அதனால் கப்பலூர் சுங்கச்சாவடி வரும்வரை மனதில் வரிகளைச் சேர்த்துக்கொண்டு வருவேன். திருமங்கலத்தில் பஸ் நிற்கும் சில நிமிடத்தில் விறுவிறுவென்று இறக்கிவிடுவேன். உட்கார இடம் கிடைக்காத நாளில் மொபைலில் தட்டி வைத்து ராத்திரி நோட்டில் ஏற்றுவேன். விட்டுப்போன நாட்களும் உண்டு. தேர்வு வாரத்தில் நான்கு நாள் காலி. அந்த இடத்தில் அப்பா மாதிரி "கடை இல்லை" என்று எழுதி மேலே போய்விட்டேன். முன்பெல்லாம் ஒரு நாள் விட்டால் நோட்டையே மூடிவிடுவேன். இப்போது அப்படி இல்லை. கடையை நான்கு நாள் அடைத்தால் யாராவது வியாபாரத்தையே விட்டுவிடுவார்களா?

இதைப் படிக்கும் சிலருக்கு ஒரு கேள்வி வரும். "உனக்காவது பஸ்ஸில் உட்கார நேரம் இருக்கிறது. அதுவும் இல்லாதவர்கள்?" நியாயமான கேள்வி. நேரம் என்பது மன உறுதியை மட்டும் பொறுத்தது என்று சொன்னால் அது பொய். குறிப்பாக வீட்டில் பெண்களின் நேரம் அவர்களுடையது இல்லை. கவிஞர் சல்மா, திருமணத்துக்குப் பிறகு வீட்டில் தெரியாமல் இரவில் கழிப்பறையில் நின்றபடி எழுதியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுத நேரம் மட்டுமல்ல, எழுத இடமும் திருட வேண்டியிருந்தது.

என் கதை அவ்வளவு கடினமானது இல்லை. ஆனாலும் ஒன்று கவனித்திருக்கிறேன். வீட்டில் "படிக்கிறேன்" என்றால் மதிப்பு உண்டு, யாரும் கூப்பிட மாட்டார்கள். "எழுதுகிறேன்" என்றால், "சும்மாதானே இருக்கே, இந்தத் தேங்காயைக் கொஞ்சம் துருவு" என்று வந்துவிடும். அதனால் செலவுக் கணக்கியல் புத்தகத்துக்கு அடியில் சிட்டையை வைத்து எழுதிய நாட்கள் பல. என்ன செய்வது? பரீட்சை, சம்பளம், வேலைவாய்ப்பு என்று ஏதாவது ஒரு பயன் காட்டினால்தான் ஒரு செயலுக்கு நேரம் ஒதுக்க நம் வீடுகள் ஒத்துக்கொள்கின்றன.

பயன் உண்டு என்று காட்டவும் முடியும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம் வீதம் 4 நாட்கள் தங்கள் மனதை வாட்டிய அனுபவங்களைப் பற்றி எழுதச் சொன்னார். அப்படி மனம் திறந்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் உடல்நலக் குறைவென்று மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. அதன்பின் நடந்த பல ஆய்வுகளில் பலன் சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு என்றும் தெரிந்தது. மொத்தம் 1 மணி நேர எழுத்துக்கு இது மோசமில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் நான் இதற்காக எழுதவில்லை. அப்பத்தா சொன்னது போல இன்னொன்று தொலைந்துபோகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று தயக்கமாகவே இருந்தது. ஒரு நாள் நானே மாட்டிக்கொண்டேன். செலவுக் கணக்கியல் புத்தகத்தை அம்மா நகர்த்தினார். சிட்டை வெளியே தெரிந்தது. "என்னது இது?" என்றார். மழுப்பாமல் வாசித்துக் காட்டினேன். அப்பத்தா ரஸ்க்கைப் பாதியாக ஒடித்து எனக்குக் கொடுத்தது, அம்மாவுக்குத் தெரியாமல் தின்றது எல்லாம்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாதி இல்ல. முக்காவாசி உனக்குத்தான் குடுப்பாங்க அத்தை. நான் அடுப்படியில இருந்து எத்தனை நாள் பாத்துருக்கேன்" என்றார்.

நாங்கள் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தோம். அம்மா எங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார். அப்புறம் அவராகவே இன்னும் சொன்னார். அப்பத்தா பருத்தி எடுக்கப் போனது அவருடைய அத்தை ஊரிலாம். கூலியாகக் காசு கொடுக்க மாட்டார்களாம், எடுத்த பருத்தியிலேயே ஒரு பங்கு கொடுப்பார்களாம். அதைக் கடையில் கொடுத்து அப்பத்தா முதன்முதலாக வாங்கித் தின்றது கருப்பட்டி மிட்டாயாம். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைவிட அம்மாவிடம் அப்பத்தா நிறையச் சொல்லியிருக்கிறார். அன்று ஐந்து வரி மூன்று பக்கமாக ஆனது. அனாமத்திலிருந்து ஒரு திருத்தப் பதிவு நேரானது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியிருந்த ஒரு தப்பான வரி இல்லாவிட்டால், அம்மா அதைத் திருத்தவும் வாய்ப்பு வந்திருக்காது.

இப்போது நான் சிட்டையை எடுத்தால் அம்மா தம்பியிடம், "அவ எழுதுறாடா. தேங்காயை நீ துருவு" என்கிறார். இந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு நாளைக்கு 10 நிமிடம் சம்பாதித்துக் கொடுக்கிறது. (தம்பிக்குத்தான் இந்தக் கட்டுரையின் கருத்தில் உடன்பாடில்லை!)

ஆகவே நண்பர்களே, என் கருத்து இதுதான். எழுத நேரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வந்தாலும் அது எழுதித் தராது. மொத்தமாகக் கேட்காமல் சில்லறையாக வாங்கிக்கொள்ளுங்கள். அழகாக எழுத வேண்டாம், அன்றே எழுதினால் போதும். உங்கள் வீட்டில் யாராவது எதையாவது எழுதிக்கொண்டிருந்தால், என்ன பயன் என்று கேட்காமல் அவர்கள் கையிலிருக்கும் வேலையில் ஒன்றை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்குப் படுக்கும் முன் ஒரு தேதி, யாராவது சொன்ன ஒரு வாசகம், உங்கள் கண்ணில் பட்ட மூன்று விஷயங்கள். காலையில் எழுதலாம் என்று விட்டால், அப்பா சொன்ன மாதிரி அது வேறு கணக்காகிவிடும்.

டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அதில் ஒருவன் வாசலில் நின்று, "அக்கா, இன்னிக்கு லீவு விட்டா என்ன?" என்று கேட்கிறான். இன்றைய இரண்டாவது வரி கிடைத்துவிட்டது. வரட்டுமா?